நாற்பது நிமிஷம்

ஜூன் 3

வண்டி ஓட்டும்போது நான் தனியாப் பேசிட்டே போறேனாம். அவிநாசி ரோடு சிக்னல்ல பக்கத்து பஸ்ல இருந்து என் மக இந்துவோட சிநேகிதி பார்த்திருக்கா. "பேசறதை எழுதி வைங்கம்மா, ரோட்டுலயாவது ரோட்டைப் பார்ப்பீங்க"ன்னு இந்து, கம்பெனிகளுக்கு ஜிப் விக்கற ஏஜென்ட் குடுத்த டைரியை எடுத்துக் கையில குடுத்துட்டா. ஜனவரியிலிருந்து மே வரைக்கும் வெள்ளையாவே கிடக்கு.

பேர் வசந்தாமணி. வயசு நாப்பத்தெட்டு. திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்குப் போய் இன்ஸ்பெக்‌ஷன் பண்றது வேலை. வெளிநாட்டுல துணி வாங்கறவங்க ஒவ்வொரு தடவையும் இங்க வந்து பார்க்க முடியாது. அவங்களுக்குப் பதிலா நான் போய், மடிச்சு வெச்ச துணியைப் பிரிச்சு, அளந்து, இழுத்துப் பார்த்து ரிப்போர்ட் எழுதணும். நான் பாஸ்னு எழுதினாத்தான் பெட்டி கப்பலுக்குப் போகும்.

இன்னைக்கு மூணு கம்பெனி. நல்லூர், பெருமாநல்லூர், வேலம்பாளையம். மத்தியானச் சோத்தை வண்டி மேலயே உட்கார்ந்து சாப்பிட்டேன். சாயங்காலம் வந்து இந்துவோட பாப்பாவைக் குளிப்பாட்டினேன். மூணு மாசம் முடிஞ்சிருச்சு. தலை நின்னுருச்சு.

ஜூன் 9

ஞாயிறு. தலை குளிச்சு, துணி துவைச்சு, மொளகாப்பொடி அரைச்சுட்டு வந்தேன். அவர் சாயப்பட்டறையில பாய்லர் பார்க்கிறார். இந்த வாரம் ராத்திரி ஷிப்ட், அதனால பகல்ல வீடு சத்தமில்லாம இருக்கணும். பாப்பாவுக்கு அது தெரியறதில்லை.

இந்து கேட்டா, ஏம்மா ஒரு நாளைக்கு மூணு கம்பெனி ஓடறீங்க, ஒண்ணோட நிறுத்தக் கூடாதான்னு. ஒரு கம்பெனிக்கு ஆபீஸ்ல எழுநூறு தர்றாங்க. பெட்ரோல் நம்மளது. ஒண்ணோட நிறுத்தினா வீடு நடக்காது. இன்னொண்ணு அவகிட்ட சொல்லலை. ஃபெயில்னு எழுதினா கம்பெனிக்காரங்க சரி பண்ணிட்டு மறுபடி கூப்பிடுவாங்க. அந்த ரெண்டாவது தடவைக்கு எனக்கு ஒண்ணும் கிடையாது. சும்மா போகணும்.

கைக்குழந்தைத் துணிதான் இருக்கறதுலயே நேரம் பிடிக்கறது. அமுக்கிப் போடற ஒவ்வொரு ஸ்னாப் பட்டனும் தொண்ணூறு நியூட்டன் இழுப்புக்குத் தாங்கணும். மெஷின்ல மாட்டி, மெதுவா இழுத்து, முள் தொண்ணூறுக்கு வந்ததும் பத்து செகண்ட் பிடிச்சு நிறுத்தணும். எண்பது பீஸ் பார்க்கணும், பீஸுக்கு ஏழு பட்டன். ஒழுங்காப் பண்ணினா அஞ்சு மணி நேரம் அதுக்கே போயிரும். அளவு, தையல், கறை எல்லாம் அதுக்கு மேல.

ஜூன் 18

காலையில பாப்பாவுக்கு ஊசி போட்டுட்டு வந்தாங்க. பதினோரு மணிக்கே சுரம்.

முதல்ல நல்லூர், அப்புறம் அனுப்பர்பாளையம், கடைசியா கார்வேந்தன் கம்பெனி. அங்க போய்ச் சேர அஞ்சு அஞ்சு ஆயிருச்சு. டென்மார்க் ஆர்டர், உடம்பும் காலும் ஒண்ணாத் தைச்ச கைக்குழந்தை ரோம்பர், ஒன்பதாயிரம் பீஸ். நான் போறதுக்குள்ள பெட்டியெல்லாம் டேப் ஒட்டி அடுக்கியாச்சு. பட்டன் இழுக்கற மெஷின் இருக்கற ரூம் பூட்டியிருந்துச்சு, சாவி வெச்சிருக்கிற ஆள் தன் மகனோட ஸ்கூலுக்குப் போயிட்டானாம். நாலு பெட்டி பிரிச்சுப் பார்த்தேன். தையல் சுத்தமா இருந்துச்சு. கார்வேந்தனை அவன் டெய்லரா இருந்த காலத்துலயிருந்து தெரியும். நானும் அவனும் ஒரே லைன்ல வேலை பார்த்தவங்க. தப்பு பண்ற ஆளில்லை.

இந்து ரெண்டு தடவை ஃபோன் பண்ணிட்டா, சுரம் நூத்திரெண்டுன்னு. கேன்டீன்ல உட்கார்ந்து ரிப்போர்ட்ல எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். முள் தொண்ணூறுல நிக்கற ஃபோட்டோ எப்பவும் என் ஃபோன்ல இருக்கும். ஆறு மணிக்குள்ள அனுப்பியாச்சு.

கிளம்பும்போது கார்வேந்தன், பேத்திக்கு வெச்சுக்குங்கக்கான்னு மிச்சத்துல இருந்து ரெண்டு ரோம்பர் குடுத்தான். ஆறு மாசக் குழந்தை சைஸ். மஞ்சள் ஒண்ணு, வெளிர் பச்சை ஒண்ணு. வளர்ந்தாப் போட்டுக்கலாம்.

வீட்டுக்கு வர்றப்போ சுரம் இறங்கியிருந்துச்சு. ஈரத்துணி போட்டுட்டே இருந்தோம்.

ஜூன் 19

சுரம் இல்லை. மூணு கம்பெனி.

ஜூலை 14

ஆடி பொறக்கறதுக்குள்ள வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்னு அவர் ஆரம்பிச்சு, பாதிச் செவுத்தோட நிக்குது. மாப்பிள்ளை பெங்களூர்ல இருந்து வந்து பாப்பாவைப் பார்த்துட்டுப் போனார். தீபாவளி முடிஞ்சு இந்துவைக் கூட்டிட்டுப் போறதாப் பேச்சு.

பாப்பா குப்புற விழுந்துட்டா. விழுந்துட்டு, யாரோ தள்ளிவிட்ட மாதிரி எங்களைப் பார்த்தா.

ஆகஸ்ட் 25

பச்சை ரோம்பர் இப்ப பாப்பாவுக்கு அளவா இருக்கு. எதைக் கண்டாலும் வாய்க்குக் கொண்டு போறா. கழுத்துப் பட்டையைச் சப்பிச் சப்பி ஊற வெச்சுடறா.

செப்டம்பர் 2

ஆபீஸ்ல இருந்து விஜயராகவன் சார் ஃபோன். எங்க இன்ஸ்பெக்‌ஷன் ஆபீஸை நடத்தறவர் அவர்தான். ஜூன் பதினெட்டாம் தேதி ரிப்போர்ட்டும் ஃபோட்டோவும் உடனே வேணும்னார். எதுக்குன்னு கேட்டேன். டென்மார்க்ல இருந்து ஏதோ கம்ப்ளெயின்ட், பெருசா ஒண்ணுமிருக்காதுன்னார். என்ன கம்ப்ளெயின்ட்னு கேட்டதுக்கு, பட்டன்னார்.

அரிசி ஊறப் போட மறந்துட்டேன்.

செப்டம்பர் 3

பாப்பாவோட ரெண்டு ரோம்பரையும் எடுத்துட்டேன். அளவு பத்தலைன்னு சொன்னேன். இப்பத்தானேம்மா சரியா இருக்குன்னா இந்து. கால்ல இறுக்குது, நான் வேற வாங்கித் தர்றேன்னு சொல்லிப் பையில வெச்சுட்டேன்.

செப்டம்பர் 4

பெருமாநல்லூர் கம்பெனியில மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்போ, அவங்க மெஷின்ல ரெண்டையும் மாட்டிப் பார்த்தேன்.

மஞ்சள் தாங்குச்சு. ஏழு பட்டனும்.

பச்சையில கழுத்துக்குக் கீழ மூணாவது. முப்பத்தெட்டுலயே கழண்டுருச்சு.

செப்டம்பர் 9

கார்வேந்தன் ஃபோன் பண்ணினான். அவனுக்கு மெயில் வந்திருக்கு. பட்டன் கழண்டு ஒரு குழந்தை முழுங்கிருச்சாம். மூச்சுக்குழல்ல போய் அடைச்சிருக்கு. ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்களாம். பதினோரு மாசக் குழந்தை.

பட்டன் அடிக்கற மெஷினோட அச்சு, அந்த டை தேஞ்சு போயிருந்துச்சு, மாத்தச் சொல்லியிருந்தேன், மாத்தினாங்களா இல்லையான்னு இப்பக் கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றானுங்கன்னான். அப்புறம், நீங்க அன்னைக்குப் பார்த்தப்போ சரியாத்தானுங்களேக்கா இருந்துச்சுன்னு கேட்டான்.

அவனுக்குத் தெரியும். அந்த ரூம் பூட்டியிருந்தது அவனுக்குத் தெரியும். ஆமான்னு சொன்னேன்.

செப்டம்பர் 13

குழந்தை போயிருச்சாம்.

மாவு ஆட்டி வெச்சேன். உப்பு ரெண்டு தடவை போட்டுட்டேன்.

செப்டம்பர் 14

இந்து கேக்கறா, ஏம்மா பாப்பாவைத் தூக்க மாட்டேங்கறீங்கன்னு. சளி பிடிச்சிருக்குன்னு சொன்னேன்.

செப்டம்பர் 20

விஜயராகவன் சார் ஆபீஸுக்கு வரச் சொல்லியிருந்தார். பதினோரு வருஷத்துல முதல் தடவையா உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சார். டீயும் பிஸ்கட்டும் வந்துச்சு. அந்த ஆர்டர் குடுத்த, டென்மார்க்ல துணிக்கடை வெச்சிருக்கிற அம்மாவே நேர்ல வர்றாங்களாம். பேரு கிர்ஸ்டன். நான் அன்னைக்கு காலையில ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கார்வேந்தன் கம்பெனியிலதான் இருந்தேன், எண்பது பீஸும் இழுத்துப் பார்த்தேன், அத்தனையும் தாங்குச்சு. இதைத்தான் சொல்லணும். அதுக்கப்புறம் துவைக்கறதுல கழண்டா யார் என்ன பண்ண முடியும்னார்.

"சார், அன்னைக்கு நீங்கதான் மூணு கம்பெனி போட்டீங்க."

"வசந்தாமணி, போட்டது நானு. கையெழுத்துப் போட்டது நீங்க."

சத்தம் போட்டுச் சொல்லலை. மெதுவாத்தான் சொன்னார். பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளி வெச்சார்.

செப்டம்பர் 22

ஞாயிறு. ரேஷன்ல பருப்பு வரலை. அவர் மிச்சப் பாதிச் செவுத்தையும் அடிச்சு முடிச்சுட்டார். ரெண்டு பாதியும் ஒரே நிறமா இல்லை.

அவர்கிட்ட சொல்லலாம்னு ரெண்டு தடவை கூடத்துக்கு வந்தேன். பிரஷ்ஷைக் கழுவிட்டு இருந்தார். என்னன்னு கேட்டார். ஒண்ணுமில்லைன்னேன்.

செப்டம்பர் 24

கார்வேந்தன் கம்பெனியில மீட்டிங். கிர்ஸ்டன் அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். முடி நரைச்சிருந்துச்சு, சாயம் அடிக்கலை. கத்துவாங்கன்னு எல்லாரும் எதிர்பார்த்தோம். கத்தலை. அவங்க இங்கிலீஷ்ல கேட்கக் கேட்க, விஜயராகவன் சார் எனக்குத் தமிழ்ல சொன்னார்.

"ஒன்பது மணிக்கு வந்தீங்கதானே?"

தலையாட்டினேன்.

"எண்பது பீஸ் பார்த்தீங்கதானே?"

தலையாட்டினேன். பத்தாவது வரைக்கும் படிச்சவதான், ஆனா பதினோரு வருஷமா ரிப்போர்ட் இங்கிலீஷ்லதான் எழுதறேன், பேச வராட்டியும் கேட்டாப் புரியும். அந்தம்மா கேட்டது ஒண்ணு, சார் எங்கிட்டக் கேட்டது ஒண்ணு. அவங்க கேட்டது, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு.

அப்புறம் அந்தம்மா மெஷின் ரூம் சாவியை வாங்கிட்டுப் போய்த் தானே உட்கார்ந்தாங்க. மிச்சத் துணியை ஒரு கூடையில கொண்டு வரச் சொன்னாங்க. ஒவ்வொரு பட்டனா மாட்டி இழுத்தாங்க. பழக்கமில்லாத கை, முதல்ல தடுமாறுச்சு. கிளிப்பை எந்தப் பக்கம் மாட்டணும்னு நான் காட்டிக் குடுத்தேன். ஒரு மணி நேரத்துல பதினாறு பீஸ்தான் ஆச்சு. அதுல ரெண்டு பீஸ்ல பட்டன் கையோட வந்துருச்சு. அந்த ரெண்டையும் மேஜை மேல தனியா வெச்சாங்க. பேப்பர்ல ஏதோ கணக்குப் போட்டாங்க. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாங்க.

பதினாறுல ரெண்டு கழண்டா எண்பதுல பத்து பீஸாவது கழண்டிருக்கணுமே, எல்லாம் தாங்குச்சுன்னு எப்படி எழுதினாங்கன்னுதான் அந்தக் கணக்கு. நான் போட வேண்டிய கணக்கு அது.

போகும்போது என் வீடு எங்கேன்னு எங்கிட்டயே கேட்டாங்க. சார் குறுக்க வந்தார். அதுக்குள்ள நான் அங்கேரிபாளையம், தண்ணி டேங்க் பக்கம்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு தெரியலை.

செப்டம்பர் 25

காலையில பத்தரைக்கு கார் வந்து நின்னுச்சு. கிர்ஸ்டன் அம்மா வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு, டிரைவரைக் கார்லயே இருக்கச் சொல்லிட்டு வந்தாங்க. அவர் ஷிப்ட் முடிஞ்சு இன்னும் வரலை. வீட்டுல நானும் இந்துவும் பாப்பாவும்தான்.

இந்து பி.காம். இங்கிலீஷ் நல்லாப் பேசுவா. கம்பெனி விஷயமா வந்திருக்காங்க, நான் சொல்றதை அப்படியே சொல்லுன்னேன். அவளுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் தெரியாது. டீ போட்டுக் கொண்டு வந்து வெச்சுட்டு, பாப்பாவை மடியில வெச்சுட்டு உட்கார்ந்தா.

அந்தம்மா கேட்டதை இந்து சொன்னா. "அன்னைக்கு அந்தக் கம்பெனியில எவ்வளவு நேரம் இருந்தீங்கன்னு கேக்கறாங்கம்மா."

"நாப்பது நிமிஷம்."

நான் தப்பாச் சொல்லிட்டேன்னு நெனச்சுட்டா. "நாலு மணி நேரம்தானேம்மா?"

"நாப்பது நிமிஷம், இந்து. அப்படியே சொல்லு."

சொன்னா. அந்தம்மா அடுத்துக் கேட்டதைக் கேட்டுட்டு எங்கிட்டத் திரும்பினப்போ அவ குரல் கொஞ்சம் மாறியிருந்துச்சு. "பட்டனை இழுத்துப் பார்த்தீங்களான்னு கேக்கறாங்க. குழந்தைத் துணியாம்."

"இல்லை. ஒண்ணு கூட இழுக்கலை. ரூம் பூட்டியிருந்துச்சு. பழைய ஃபோட்டோவை அனுப்பினேன்."

இந்து இதை இங்கிலீஷ்ல சொல்லலை. மடியில இருந்த பாப்பாவைப் பார்த்தா. பாப்பா அவ தாலிக்கொடியைப் பிடிச்சு வாய்ல வெச்சிட்டு இருந்துச்சு. இந்து அதை மெதுவா விடுவிச்சு எடுத்தா. இல்லைன்னு நான் தலையாட்டினதுலயே அந்தம்மாவுக்குப் புரிஞ்சிருச்சு. கட்டாயப்படுத்தலை. கொஞ்ச நேரம் கழிச்சு இந்துவே சொன்னா. ஒவ்வொரு வார்த்தையா, பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கற மாதிரி.

அப்புறம் அந்தம்மா, ஆபீஸ்ல எனக்கு எவ்வளவு தர்றாங்கன்னு கேட்டாங்க. எழுநூறுன்னேன். மாசத்துக்கா, ஒரு நாளைக்கான்னு கேட்டாங்க. ஒரு கம்பெனிக்குன்னேன். அவங்க ஃபோனை எடுத்து ஒரு நம்பரைக் காட்டினாங்க. ஒரு ஆள் முழுசா ஒரு நாள் அங்கேயே இருந்து பார்க்கறதுக்குன்னு எங்க ஆபீஸுக்கு அவங்க கட்டின தொகை, நம்ம பணத்துல. இருபத்தாறாயிரம்.

நாலு வருஷமா ரிப்போர்ட் கேட்டேன், ஃபோட்டோ கேட்டேன், சீல் கேட்டேன், எழுதறது யாரு, அவங்க கைக்கு என்ன போகுதுன்னு ஒரு தடவை கூடக் கேட்டதில்லைன்னாங்க. இதைச் சொல்லும்போது அவங்க எங்களைப் பார்க்கலை, டீ டம்ளரைப் பார்த்துட்டு இருந்தாங்க.

அந்த நம்பரைப் பார்த்ததும் எனக்குக் கோவம் வந்திருக்கணும். வரலை. எழுநூறு ரூபாய்க்குப் பின்னாடி போய் நின்னுக்கலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. மூணு கம்பெனி போட்டது ஆபீஸ், சாவி இல்லாதது கம்பெனி, டை தேஞ்சது கம்பெனி. ஆனா ஃபோட்டோ அனுப்பினது நானு. பெட்டி ஒட்டிட்டீங்க, நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை.

குழந்தை பேர் என்னன்னு கேட்டேன். இந்து கேட்டுச் சொன்னா. அல்மா. பொண்ணு. அவங்கம்மா கிர்ஸ்டன் அம்மாவோட கடையில வழக்கமா வாங்கறவங்களாம். இந்தியாவுல இருந்து வர்ற பருத்தி மெத்துன்னு இருக்குன்னு அந்த ரோம்பரை ரெண்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க.

கார் போனதுக்கப்புறம் இந்து டம்ளரையெல்லாம் கழுவி வெச்சா. ரொம்ப நேரம் கழுவினா. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டா.

"எங்கிட்டயும் அளவு பத்தலைன்னுதானேம்மா சொன்னீங்க."

செப்டம்பர் 26

அவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுட்டு, சாப்பிட்டியான்னார்.

செப்டம்பர் 30

டென்மார்க் ஆர்டர் மொத்தமும் கேன்சல். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாசம். கார்வேந்தன் ஒரு தையல் லைனையே நிறுத்திட்டான். அறுபது பேருக்கு வேலை போச்சு.

சாயங்காலம் வீட்டு வாசல் வரைக்கும் வந்தான், உள்ள வரலை. "அக்கா, சொன்னதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ வேண்டாம்னிருப்ப, கார்வேந்தா. நானும் சரின்னிருப்பேன்."

அவனுக்கும் ரெண்டு பொண்ணுங்க. அந்த டை என்ன விலைங்கக்கா, மூவாயிரம், அதை மாத்தினாங்களான்னு ஒரு எட்டுப் போய்ப் பார்க்காம விட்டுட்டேன்னு சொன்னான். எங்கிட்டச் சொன்ன மாதிரி இல்லை.

அக்டோபர் 6

இந்து கிளம்பிட்டா. தீபாவளி முடிஞ்சு போறதா இருந்தது. மாப்பிள்ளைக்குச் சமைக்க ஆளில்லைன்னு சொன்னா. அவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனார். பாப்பாவோட துணியை நான்தான் மடிச்சுப் பையில வெச்சேன். வெச்சதையெல்லாம் அவ மறுபடி எடுத்து, பட்டன் ஒவ்வொண்ணையும் விரல்ல பிடிச்சு இழுத்துப் பார்த்துட்டு உள்ள வெச்சா. என் எதிர்லதான் பண்ணினா. நான் தொட்டில் கயித்தைக் கழட்டிச் சுருட்டினேன்.

அக்டோபர் 9

ஆபீஸ்ல இருந்து கூப்பிடறதில்லை. மத்த ஆபீஸ்லயும் கேட்டுப் பார்த்தேன். ஊர் பூராவும் சொல்லி வெச்சிருக்காங்க. ஒரு ஆபீஸ்ல வெளிப்படையாவே சொன்னாங்க, நீங்க பார்க்காம எழுதினது பெருசில்லைங்க, எல்லாரும் எழுதறதுதான், அதைப் போய் துணி வாங்கற பையர்கிட்டச் சொன்னீங்க பாருங்கன்னு.

அக்டோபர் 14

பெருமாநல்லூர் ரோட்டுல ஒரு கம்பெனியில செக்கிங் டேபிள்ல சேர்ந்துட்டேன். தைச்சு வர்ற பீஸைப் பிரிச்சு, பிசிர் நூலைக் கத்தரிச்சு, கறை இருந்தா ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கணும். இருபத்தோரு வயசுல இந்த மாதிரி டேபிள்லதான் ஆரம்பிச்சேன். கத்தரி பிடிக்கற விரல்ல காய்ப்பு இல்லாம மெத்துன்னு ஆயிருச்சு. மறுபடி காய்க்கணும்.

அக்டோபர் 18

இந்து ஃபோன் பண்ணினா. பன்னெண்டு நாளுக்கு அப்புறம். கிர்ஸ்டன் அம்மா அவளுக்கு மெயில் அனுப்பியிருக்காங்க. படிச்சுத் தமிழ்ல சொன்னா.

அவங்களை மாதிரியே கடை வெச்சிருக்கிற அஞ்சாறு பேர் ஒண்ணாச் சேர்ந்திருக்காங்களாம். இனிமே நடுவுல ஆபீஸ் இல்லாம, இங்க இருக்கிற இன்ஸ்பெக்டர்களை நேராவே வெச்சுக்கப் போறாங்க. நாலு பேர் வேணும். எவ்வளவு குடுத்தா நியாயம், எப்படிக் குடுத்தா நியாயம், இதை எங்கிட்டக் கேட்டு எழுதச் சொல்லியிருக்காங்க. முதல் ஆளா நான் சேரணும்னும் கேட்டிருக்காங்க.

நான் சொன்னேன், அவ எழுதிக்கிட்டா. கம்பெனிக்கு இவ்வளவுன்னு பேசக் கூடாது, நாளுக்கு இவ்வளவுன்னு பேசணும். ஒரு நாளைக்கு ஒரு கம்பெனி. ஆறாயிரம், பெட்ரோல் தனி. பாஸ்னு எழுதினாலும் ஃபெயில்னு எழுதினாலும் அதே காசு. ரெண்டாவது தடவை போக வேண்டி வந்தா அதுக்கும் அதே காசு. ரிப்போர்ட் வராம பெட்டிக்கு டேப் ஒட்டக் கூடாது. இழுக்கற மெஷின் இன்ஸ்பெக்டர் கையிலயே இருக்கணும், கம்பெனி ரூம்ல இல்லை. வீட்டுல பிள்ளைக்கு முடியலைன்னா நாளைக்கு வர்றேன்னு சொல்றதுக்கு ஒருத்தர் ஃபோன் நம்பர் வேணும்.

இந்தக் கடைசியை அவ எழுதறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

அப்புறம் மரகதம்னு ஒருத்தி பேரைச் சொன்னேன். எங்கிட்ட வேலை பழகினவ. கை சுத்தம். கூட இன்னும் மூணு பேர்.

"உங்க பேரும்மா?"

"என் பேர் வேண்டாம்னு எழுது."

"காசு வேணாமா? அப்பா ஒருத்தர் சம்பளத்துல..."

"வேண்டாம் கண்ணு. மெஷின் முன்னாடி உட்கார்ந்தா என் கையை நானே நம்ப மாட்டேன்."

அவ எழுதவா வேண்டாமான்னு மறுபடி கேட்டா. எழுதுன்னேன். பாப்பா உட்கார்றாம்மா, தலகாணி வெச்சான்னு சொன்னா. நானாக் கேட்கலை. அவளாச் சொன்னா.

அக்டோபர் 31

தீபாவளி. அவருக்கும் எனக்கும் மட்டும் நாலு வடை சுட்டேன். கார்வேந்தன் வீட்டுல இருந்து இந்த வருஷம் பலகாரம் வரலை. நான் குடுத்தனுப்பின முறுக்கு திரும்பியும் வரலை, வாங்கிக்கிட்டாங்க.

நவம்பர் 21

இன்னைக்கு எங்க கம்பெனிக்கு இன்ஸ்பெக்‌ஷன். கைக்குழந்தை ஜட்டி சட்டை செட், எட்டாயிரம். ஒன்பது மணிக்கு வண்டியில வந்து இறங்கினது மரகதம். பின்னால மெஷினைப் பெட்டியோட கட்டியிருந்தா. கிர்ஸ்டன் அம்மாவோட ஆளுங்க ஆர்டர்னு எனக்கு அப்பத்தான் தெரியும்.

செக்கிங் டேபிளுக்குப் பக்கத்துலயே அவளுக்கு மேஜை போட்டாங்க. என்னைப் பார்த்து எழுந்து நின்னா. உட்காரு மரகதம், வேலையைப் பாருன்னேன்.

நாள் பூரா இழுத்தா. கிளிப்பை மாட்டுவா, முள் ஏறும், உதட்டுக்குள்ள பத்து எண்ணுவா, விடுவா. மேனேஜர் நாலு தடவை வந்து நின்னுட்டுப் போனார். மத்தியானம் பிரியாணி வரவழைச்சுத் தர்றேன்னார். அவ டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினா. நான் நூல் கத்தரிச்சுட்டே இருந்தேன். எண்ணக் கூடாதுன்னு நெனச்சாலும் காது எண்ணிக்கிட்டே இருந்துச்சு.

நாலரை மணி சுமாருக்கு எழுபத்தொண்ணாவது பீஸ். தோள்ல இருந்த பட்டன் டக்குன்னு கழண்டு மேஜை மேல உருண்டு, என் டேபிள் கிட்ட வந்து விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்தேன். பயறு அளவுதான். அதை அவ உள்ளங்கையில வெச்சேன்.

மிச்ச ஒன்பதையும் இழுத்துப் பார்த்துட்டு, ஃபெயில்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா. அறுபத்தொன்பது நல்லாத்தானே இருந்துச்சு, எழுபது நல்லாத்தானே இருந்துச்சு, ஒண்ணுக்காகவான்னு மேனேஜர் கேட்டார். ஆமாங்கன்னா. லைன்ல இருந்த பொண்ணுங்க அவளைத் திட்டினாங்க. நாளைக்கு எட்டாயிரத்தையும் பிரிச்சு மறுபடி பட்டன் அடிக்கணும், ஏழு மணிக்கே எல்லாரும் வரணும். நானும்தான்.

தூத்துக்குடிக்குப் போற லாரி மத்தியானத்துல இருந்து கேட்டுக்கு வெளியில நின்னுட்டு இருந்துச்சு. டிரைவர் வந்து கேட்டுட்டு, கதவைச் சாத்திக் கொக்கி போட்டுட்டுக் கிளம்பினார். உள்ள ஒண்ணும் இல்லாததால மேட்டுல ஏறும்போது லாரி அப்படியே குலுங்குச்சு. நான் கத்தரியைக் கையில வெச்சுட்டே கேட் வரைக்கும் போயிட்டேன்.

பதினோரு வருஷம் இன்ஸ்பெக்டரா இருந்தேன். ஒரு லாரி காலியாத் திரும்பிப் போறதை இன்னைக்குத்தான் பார்க்கறேன்.